கரடிக்குக் கொடுத்த கால்சியம்

ஹலோ... ஹலோ, நர்சரி கார்டன் அம்மாங்களா?... மோட்டார் சத்தம் பலமா இருக்கு, கொஞ்சம் தள்ளி வாங்க... ம்... இப்ப கேக்குதுங்களா? நான் மருந்துக்கடைக்காரன் பேசுறேன். ஒன்றரை மாசம் முன்னாடி உங்ககிட்ட நாயைக் கொண்டுவந்து விட்டேனே... ஆமா, ஆமா. கரடி. கரடியோட ஆளு.

செடி வாங்கறதுக்கு இல்லைங்க... நல்லா இருக்கோம். மருமகளுக்குப் பொண்ணு பொறந்து பதினெட்டு நாளாச்சு... சந்தோஷம்தாங்க. என் குரலே இப்படித்தான்.

அவன் எப்படி...

இல்லை, இருங்க. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் எனக்கு வாய் வராது... உக்காந்துதான் இருக்கேன், கடையிலதான்.

அவனுக்கு இருந்தது சொறி இல்லைங்க.

... சொறி இல்லை. ஒட்டிக்கிற வியாதியே இல்லை... ஆமா, நான்தான் சொன்னேன். பிள்ளை பொறக்கப்போற வீடு, நாய்க்குச் சொறி வந்துடுச்சு, இனிமே வச்சுக்க முடியாதுன்னு உங்க வாசல்ல நின்னு நான்தான் சொன்னேன். நீங்களும் பாவம் பார்த்து வாங்கிக்கிட்டீங்க... ஜிங்க் குறைச்சலாம். துத்தநாகம்... தகரத்துக்குப் பூசுவாங்களே, அதேதான். உடம்புக்கும் துளி வேணும். குறைஞ்சா கண்ணைச் சுத்தி, வாயைச் சுத்தி அடை அடையாச் செதில் கட்டும். முடி கொட்டும், பாதம் வெடிக்கும்... ஆமாங்க, அச்சு அசலா அவனுக்கு இருந்த மாதிரியே.

எப்படித் தெரியுமா? நாய் டாக்டர் அப்பவே தோல்ல ஒரு பொட்டு வெட்டி சோதனைக்கு அனுப்பியிருந்தாரு. ரெண்டு வாரம் பொறுங்கன்னாரு. மருமகளும் சொன்னா, 'ரிப்போர்ட் வரட்டும் மாமா, எனக்கொண்ணும் பயமில்லை'ன்னு. நான் கேக்கலை. முப்பத்தெட்டு வருஷமா ஊருல உள்ள சொறி சிரங்குக்கெல்லாம் களிம்பு எடுத்துக் கொடுத்தவன், நான் பார்க்காத சொறியான்னேன். மறுநாளே அவனை வண்டியில ஏத்திட்டேன்... ஆமா, இந்த வாய்தாங்க எனக்கு எதிரி.

இல்லைங்க, ரிப்போர்ட் இப்ப வரலை. வந்து ஒரு மாசமாச்சு... பிரிக்கலை... பயம்தான், வேறென்ன. இருமல் மருந்துப் பெட்டிக்கு அடியில சொருகி வச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில அந்தப் பெட்டி காலியாச்சு. கவர் மூஞ்சிக்கு நேரா நிக்குது. என்ன பண்றது, பிரிச்சேன்.

ஒரு நிமிஷம்மா, லைன்ல இருங்க... என்னங்க வேணும்?... காய்ச்சல் குழந்தைக்கா, பெரியவங்களுக்கா?... சீட்டைக் காட்டுங்க... இந்தாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு... சந்தேகம்னா டாக்டரையே கேளுங்க. என்னைக் கேக்காதீங்க.

ஹலோ... மன்னிச்சுக்குங்கம்மா... எதனால குறைஞ்சதுன்னா?

... அதை நீங்க கேக்காம விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்.

என்னாலதாங்க. நான் கொடுத்த கால்சியம்.

என் வீட்டுக்காரிக்கு எலும்பு தேஞ்சிருந்துச்சு. குளியலறையில வழுக்கி விழுந்தா, இடுப்பெலும்பு போச்சு. படுத்தவ எழுந்திருக்கலை... போன வருஷம். கரடி அவ கட்டிலுக்குக் கீழேயேதான் கிடப்பான். பேர் வச்சதும் அவதான். அவ போனப்புறம் அலமாரியில அவளோட கால்சியம் மாத்திரை ரெண்டு டப்பா மிச்சம். தூக்கிப்போட மனசு வரலைங்க. ஒருநாள் இவன் மாடிப்படி ஏறும்போது பின்னங்கால் தடுமாறுச்சு. அவ்வளவுதான். இந்த வீட்டுல இன்னொரு எலும்பு உடையக்கூடாதுன்னு... வேளைக்கு ரெண்டு. பொடிச்சு, பால்ல கலந்து, நானே பக்கத்துல உக்காந்து குடிக்க வச்சேன். டப்பா தீர்ந்ததும் கடையிலேர்ந்து எடுத்தேன். எட்டு மாசம்.

நாய் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். கால்சியம் அளவுக்கு மிஞ்சிப் போனா ஜிங்க்கை உடம்புல சேரவிடாதாம். அவன் ஜாதிக்கு ஏற்கெனவே அது சரியா ஒட்டாதாம். போதாக்குறைக்கு, அவ போனப்புறம் நான் கறி வாங்கறதையே விட்டுட்டேன். எனக்கும் ரொட்டி, அவனுக்கும் ரொட்டி... தெரியாதான்னா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒண்ணாப் போடாதீங்க, ஒண்ணு இன்னொண்ணைச் சேரவிடாதுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்றவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். ஜிங்க் மாத்திரை என் தலைக்கு மேல மூணாவது தட்டுல இருந்துச்சுங்க, அத்தனை நாளும்.

ம்... ம்...

சரி, இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கான்?

... முடி வந்துடுச்சா? கண்ணைச் சுத்தியுமா?... பாதம்?... ஓடறானா... என்ன சாப்பாடு போடறீங்க?... ஈரலா. கறித்துண்டு... மருந்து ஒண்ணுமே கொடுக்கலையா? ... அப்ப நான் கொடுக்கறதை நிறுத்தினதுதான் அவனுக்கு மருந்து.

இல்லைங்க, அழலை. கடையில ஆள் இருக்காங்க, அழ முடியாது.

புதுப் பேரா? என்ன பேரு?... பஞ்சா? கரடி மாதிரி ஒரு நாயைப் போய்ப் பஞ்சுன்னு... புது முடி வெள்ளையா வந்துச்சா. சரி, சரி. உங்க இஷ்டம். திரும்பிப் பார்க்கறானா கூப்பிட்டா?... பார்ப்பான், புத்திசாலி. இங்க 'கடை மூடியாச்சு, வாடா போலாம்'னா போதும், நான் செருப்பு மாட்டறதுக்குள்ள கதவுகிட்ட நிப்பான்.

அம்மா, நான் போன் பண்ணினதே... சுத்தி வளைக்கலை, கேட்டுடறேன். அவனைத் திருப்பிக் கொடுங்க. இப்பவே வண்டி எடுத்துக்கிட்டு வர்றேன். வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மத்தியானம் சாப்பிடப் போனப்ப மருமக ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு என்கூடப் பேசவே இல்லை. கொடுங்கம்மா.

... ஏம்மா முடியாதுங்கறீங்க?

ம்...

... நாலு நாளா சாப்பிடலையா?... ஒரு வாய்கூடவா?... கேட்டைப் பார்த்துக்கிட்டேவா... மழையிலயுமா?... ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்னு... போதும்மா. இல்லை, இல்லை, சொல்லுங்க. நான்தானே கேக்கணும்... அஞ்சாம் நாள் உங்க கையால ஊட்டினீங்களா... ராத்திரியெல்லாம் கூடவே உக்காந்து...

ஏம்மா ஒரு போன் பண்ணலை?... அடிச்சீங்களா?... மூணு தடவையா?... ஆமா. அந்த வாரம் நான் எந்த போனையும் எடுக்கலை. அவனைப் பத்தி யாராவது பேசுவாங்களோன்னு எடுக்கலை.

...

நியாயம்... நியாயம்தாங்க. வேர் பிடிச்ச செடியை ரெண்டாவது தடவை பிடுங்கி நடக்கூடாதுதான். அது உங்களுக்குத் தெரியாததா... கோபமே இல்லைங்க. நீங்க எதுக்கு அழறீங்க, தப்பு பண்ணினவன் நானு. அங்கேயே இருக்கட்டும்.

பார்க்க வரவா?... வேண்டாம்மா. வந்தா திரும்பிப் போகணுமே. மறுபடி அவன் நாலு நாள் கேட்டுல நிக்கணுமா.

இதை மட்டும் கேட்டுக்குங்க. கால்சியம் எந்த ரூபத்துலயும் வேண்டாம். எவன் சொன்னாலும், மருந்துக்கடைக்காரன் சொன்னாலும் கொடுக்காதீங்க. ஜிங்க் மாத்திரை வேணுமா, எவ்வளவுங்கறதை டாக்டர்தான் சொல்லணும். அது அதிகமானாலும் விஷம். நான் அளவு சொல்ல மாட்டேன், நான் சொன்ன லட்சணத்தைத்தான் பார்த்தாச்சே. டாக்டர் நம்பரை அனுப்பறேன். ரிப்போர்ட்டைத் தபால்ல போடறேன். அப்புறம், இடி இடிச்சா பயப்படுவான். வெளிய காட்டிக்க மாட்டான், காது மட்டும் பின்னால போகும். காதைப் பாருங்க.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.

... என்னது? அவன் உங்க பக்கத்துலயா இருக்கான்?... வேண்டாம், வேண்டாம்மா, போனை அவன் காதுல வைக்காதீங்க... சொன்னாக் கேளுங்க...

...

கரடி?

... மூச்சு கேக்குதுடா. டேய். நான்தாண்டா... சாப்பிட்டியா?... ஐயா பெரிய தப்பு பண்ணிட்டேண்டா ராஜா... உனக்கு ஒண்ணுமே இல்லைடா, என் தங்கம். சொறியும் இல்லை ஒண்ணும் இல்லை... கடை மூடியாச்சு, வாடா போ...

... கரடி?

ஹலோ?... ஹலோ, அம்மா... எங்க போனான்?

கேட்டுக்கு ஓடிட்டானா?

... ஐயோ. நான் என்னம்மா பண்ணிட்டேன். பழக்கத்துல வந்துடுச்சும்மா, வாயில தானா வந்துடுச்சு... குரைக்கிறானா? கேக்குது. எனக்கே கேக்குது... கூப்பிடுங்க. நீங்க கூப்பிடுங்க... கரடின்னு கூப்பிடாதீங்க, பஞ்சுன்னு கூப்பிடுங்க. பலமா... இன்னும் ஒரு தடவை... அந்த ஈரலைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க... ம்... போன் கையிலேயே இருக்கட்டும், நான் பேசலை...

...

... திரும்பிப் பார்த்தானா?... இன்னொரு தடவை கூப்பிடுங்கம்மா. பஞ்சுன்னு.

...

வர்றானா?... மெதுவாவா... வரட்டும், அவன் இஷ்டத்துக்கு வரட்டும்.

... உங்க காலடியில படுத்துட்டானா?... காது எப்படி இருக்கு?... சரி. சரிம்மா.

அப்ப நான் சத்தமாப் பேசலை. நீங்களும் பதில் சொல்லாதீங்க, பேச்சு நீண்டா என் குரல் அவன் காதுல விழுந்துடும். டாக்டர் நம்பர் வந்ததும் என்னோட இந்த நம்பரை அழிச்சுடுங்க.

வச்சுடறேன்.