வலது காலில் பிரேக் கிடையாது

ஒத்தைக்காது மெக்கானிக் என்று அழைக்கப்படுபவரும், வயது எழுபத்திரண்டு ஆனவரும், பஸ் டிப்போவுக்குப் பின்சந்தில் மூன்றாவது ஷெட்டின் மேல்மாடியில் மகள், மருமகனுடன் குடியிருப்பவருமானவர், இன்று காலை பத்தேகால் மணிக்கு நிலையத்துக்குத் தாமே வந்து வாய்மொழியாகச் சொன்னது:

நான் மேற்படி விலாசத்தில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். இடது காது கேட்காது. வலது காதால் இன்ஜினைக் கேட்டு வேலை பார்த்து வருகிறேன். கீழே உள்ள ஒர்க் ஷாப் என் மருமகன் பேரில் இருக்கிறது. பிரேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி அவரை நேற்று முன்தினத்திலிருந்து இங்கே லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். அந்த பிரேக்கைப் பார்த்தது நான், அவர் இல்லை.

புகார் கொடுத்தவரைப் பதினோரு வருஷமாகத் தெரியும். சலவைக்கல் வியாபாரி. இத்தாலிக்குக் கல் வாங்கப் போன இடத்தில் ஐம்பது வருஷப் பழசான பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து, கல்லோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றி வந்தார். கல்லும் இத்தாலி, வண்டியும் இத்தாலி, ஆள் மட்டும் உள்ளூர். அதை வீட்டு முன்னறையில் கம்பளத்தின் மேல் நிறுத்தியிருந்தார். எண்ணெய் கசிந்து கம்பளம் பாழாகிறது என்று முதலாளியம்மா சத்தம் போட்ட பிறகு எங்கள் ஷெட்டுக்கு வந்தது. டேங்கைத் துடைக்க ஒரு மஞ்சள் துணியும் கூட வந்தது.

அதன் பிறகு வண்டியை முழுக்கப் பிரித்துச் சேர்த்தது நான். வால்வு இடைவெளி சரிபண்ண மட்டும் நான்கு நாள் ஆனது. நாம் ஓட்டும் வண்டிகளைப் போல அதற்கு வலது காலில் பிரேக் கிடையாது. பிரேக் இடது காலில், கியர் வலது காலில். மேலே தூக்கினால் முதல் கியர், கீழே மிதிக்க மிதிக்க இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இதை நான் அவரிடம் முதல் நாளே சொன்னேன். அவர் அப்போது கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் சேர்ந்து போவார்கள். ஆறு பயணம் போயிருக்கிறது. ஆறையும் ஓட்டியது நான். அவருடைய தோல் கோட்டையும் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு நான் ஓட்ட, அவர் பின்னால் ஏசி காரில் வருவார். டீக்கு எல்லோரும் நிற்கும் இடத்தில் நான் நிற்கக் கூடாது என்று உத்தரவு. இறங்காமல் போகிறாரே, இரும்பு மனுஷன் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்களாம். எழுபது வயதில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஓட்டியவனுக்குத்தான் அந்த இரும்பு எதுவென்று தெரியும்.

போய்ச் சேரும் இடத்துக்கு இருநூறு அடி முன்னால் மறைவாக நிறுத்துவேன். அவர் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறுவார். முதல் கியரில் போட்டு, அவர் கை வந்து பிடிக்கும் வரை கிளட்சை நான் பிடித்திருப்பேன். கிளட்சை விட்டு, இருநூறு அடி உருண்டு, கை பிரேக்கைப் பிடிப்பார். அவ்வளவுதான். ஆறு வருஷத்தில் அவர் ஓட்டியது ஒரு கிலோமீட்டர் தேறாது. மூன்றாவது பயணத்தில் அவர் என்னிடம், "என்ன பெரியவரே, கோட்டெல்லாம் வேர்வை நாத்தம்" என்றார். நான், "நீங்களே ஓட்டுங்க முதலாளி, அப்புறம் உங்க நாத்தமாயிரும்" என்றேன். நான்காவது பயணத்தில் சிறந்த ஓட்டுநர் என்று அவருக்குக் கோப்பை கொடுத்தார்கள்.

ஆறாவது பயணம் போன ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரம் நான்கு மணி இருக்கும். கீழே வளைவில் பேப்பர் போட்டோக்காரர் நிற்கிறார் என்று யாரோ போனில் சொல்ல, அவர் வழக்கமான இடத்துக்கு அரை கிலோமீட்டர் முன்பாகவே, இறக்கத்தின் தலைப்பில் வண்டியைக் கேட்டார். நான், "இது இறக்கம் முதலாளி, இடது காலு பிரேக்கு, ஞாபகம் வச்சுக்கங்க" என்றேன். "பதினோரு வருஷமா வச்சிருக்கேன், எனக்கே பாடம் நடத்துறியா" என்றார்.

அதன் பிறகு நான் காரில் ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் போனேன். போட்டோக்காரரைக் கண்டதும் முதலாளி வலது கையைத் தூக்கி ஆட்டினார். ஆக்சிலரேட்டரும் கை பிரேக்கும் அந்தக் கைக்குத்தான். வளைவு நெருங்கியதும் இடது கால் சும்மா இருக்க, வலது காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். மிதித்த மிதிக்கெல்லாம் கியர் ஏறி, இன்ஜின் பிடி விட்டு, வண்டி வேகமெடுத்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த டீச்சரம்மா ஒருவர் மேல் போய் விழுந்தது. அந்த அம்மாவை நானும் டிரைவரும் தூக்கிக் காரில் கிடத்தினோம். செருப்பு மாட்டியிருந்த கால் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. முதலாளிக்கு முழங்கையில் சிராய்ப்பு. "டேங்க் நசுங்கிருச்சா பாருங்க" என்றார்.

அதன் பிறகு மறுநாள் மருமகனைக் கூட்டி வந்துவிட்டார்கள். நேற்று லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றேன். "வேணாம் மாமா. நீங்கதான் ஓட்டுனீங்கன்னு சொன்னா உங்களையும் உள்ள வைப்பாங்க. லைசென்ஸ் வேற கிடையாது" என்றார். "அப்ப உனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் ஆச்சு மாப்பிள்ளை" என்றேன்.

இன்று ஏட்டையா எனக்குப் புகாரைப் படித்துக் காட்டினார். 'வலது கால் பிரேக்கை என் முழு பலத்தோடு பலமுறை மிதித்தும் பிடிக்கவில்லை' என்று புகார்தாரர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நான் சிரித்தேன். ஸ்டேஷனில் சிரிக்கக் கூடாது என்று ஏட்டையா சொன்னார். சொந்த வண்டியில் பிரேக் எங்கே இருக்கிறதென்று தெரியாத ஆளின் புகாரில் ஒருவரைப் பிடித்து வைக்கலாம், சிரிக்கக் கூடாதாம். வண்டி வெளியே வேப்பமரத்தடியில்தான் கிடக்கிறது. நியூட்ரலுக்குக் கொண்டுவரத் தெரியாமல் நான்கு போலீஸ்காரர்கள் தூக்கி வந்து போட்டது. பின் சக்கரத்தை ஆட்டிக்கொண்டே கியர் பெடலைத் தூக்கி எண்ணிப் பாருங்கள். ஐந்தாவதில் மாட்டிக் கிடக்கிறது, நான்கு தூக்கு தூக்கினால்தான் முதல் கியர் வரும். பிறகு இடது பெடலை மிதித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், சுற்றாது.

நான் லைசென்ஸ் எடுத்ததே இல்லை. ஆள்மாறாட்டம் செய்து ஆறு பயணம் ஓட்டியது குற்றம்தான். அதற்குண்டானதை எனக்குக் கொடுங்கள், மருமகனை வீட்டுக்கு அனுப்புங்கள்.

எழுதியதை ஏட்டையா முழுக்க வாசித்துக் காட்டக் கேட்டேன். ஓரிடத்தில் 'வண்டியை ஓட்ட உதவி வந்தேன்' என்று இருந்ததை ஒப்புக்கொள்ளாமல், 'நான் ஓட்டினேன்' என்று அடித்து எழுதச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடி உள்ளது, உண்மை. அடித்து எழுதிய இடத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக என் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.