ஓட்டுநர் இருக்கையின் சாய்மானம்

தேநீர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. காவல் நிலையத்தில் இப்படி ஒரு தேநீரை நான் எதிர்பார்க்கவில்லை.

என் பெயர் ஆல்வின் ப்ரஸ்ட். முப்பத்துநான்கு வருடமாக இந்த இலுக்கா ஊரில் படகு இருக்கைகளைப் பழுது பார்க்கிறேன். உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு சொல்லைத் திருத்த வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். கேரிக் டூஹில் செத்ததற்குக் காரணம் 'கவனக்குறைவான பழுதுபார்ப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகையிலும் அப்படியே வந்துவிட்டது. படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேரிக் வீட்டுத் தரகன். அவனுக்கு வாய் ஒன்றுதான் மூலதனம். முப்பத்தைந்து வருடப் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கிவிட்டு, கிளாரன்ஸ் ஆற்றையே வாங்கிவிட்ட மாதிரி சுற்றினான். ஒருநாளாவது அதற்குத் தார்ப்பாய் போட்டு மூடியதில்லை. ரெக்சின் கிழியக் கிழிய மேலே டேப் ஒட்டினான். ஓட்டுநர் இருக்கையை நான் அறுத்துப் பார்த்தபோது பஞ்சு முழுக்கத் தண்ணீர், அடியில் இருந்த பிளைவுட்டில் காளான். தான் உட்காரும் இடத்தில் காளான் முளைக்க விடுகிறவனைப் பற்றி வேறென்ன தெரிய வேண்டும்?

"பலகையெல்லாம் உளுத்துப் போச்சு, கேரிக். அடிப்பலகை, சாய்மானப் பலகை ரெண்டையும் மாத்தணும்" என்றேன்.

அவன் இறைச்சி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தான். அந்தக் கையாலேயே என் வெள்ளை ரெக்சினைத் தடவிப் பார்த்தான்.

"உள்ள என்ன இருக்குன்னு எவன்யா பாக்கப் போறான்? மேல பளபளன்னு தோலைப் போட்டு வுடு. தையக்காரன் தையல் வேலையை மட்டும் பாரு." கூட வந்த இருவரும் சிரித்தார்கள். "அப்புறம், இங்க ஒரு வளையம் வெச்சுக் குடு. அந்தச் செவப்புக் கயித்தைக் கால்ல மாட்டிக்கிட்டு நாய் மாதிரி என்னால திரிய முடியாது."

அந்தக் கயிறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு முனை எஞ்சின் விசையில், மறுமுனை ஓட்டுகிறவன் காலில். அவன் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். அதை இருக்கையிலேயே மாட்டிவைக்கும் சூரர்கள் இந்த ஆற்றில் பலர்.

"கால்ல மாட்டிக்கோப்பா. வுழுந்தா படகு நிக்காது" என்றேன்.

"அதெல்லாம் வுழறவனுக்குய்யா."

நான் எதையும் யாருக்கும் இரண்டாம் தடவை சொல்வதில்லை.

வேலையைத் தொடங்கினேன். அடிப்பலகைக்குப் புதுப் பிளைவுட், தண்ணீர் புகாதபடி மூன்று பூச்சு ரெசின், படகின் தளத்துக்குக் கீழே இரும்புத் தகடு, ஊடுருவிப் போகும் நான்கு போல்ட்டு. அவன் கேட்ட வளையத்தையும் அதிலேயே முடுக்கினேன். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது.

சாய்மானத்துக்கும் புதுப்பலகை அறுத்து வைத்திருந்தேன். அது இன்னும் என் பட்டறைச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. உளுத்ததையே காயவைத்து, திருகாணி பிடிக்கிற அளவுக்கு மட்டும் மேலே ஓட்டையடைக்கும் மாவு பூசித் திரும்ப மாட்டினேன். என் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன், தாங்கியது. ஒழுங்காக உட்காருகிறவனை அது வருடக்கணக்கில் தாங்கியிருக்கும்.

கேரிக் ஒழுங்காக உட்கார மாட்டான். ஞாயிறு மதியம் ஆற்றங்கரை கிளப்பைத் தாண்டும்போது சாய்மானத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் ஓட்டி, மறு கையை ஆட்டி, சாப்பிடுகிறவர்கள் மேல் தண்ணீர் தெறிக்கப் படகை ஒடித்துத் திருப்புவான். ஊரே பார்த்திருக்கிறது. தையல்காரன் இடுப்பை அளப்பான். நான் அவன் பழக்கத்தை அளந்தேன்.

படகைத் திருப்பிக் கொடுத்த பிறகு மூன்று ஞாயிறு கிளப்பின் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாவது ஞாயிறு மீன் நன்றாகப் பொரிந்திருந்தது. அவன் ஏறினான், திருப்பினான். சாய்மானம் கழன்றது, அதோடு அவனும் தண்ணீரில் விழுந்தான். அடிப்பலகை இம்மியும் நகரவில்லை. அதனால் வளையத்தில் மாட்டியிருந்த கயிறு பிடுங்கவில்லை, எஞ்சினும் நிற்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்தது. அவன் கையைத் தூக்கினான். வழக்கமான கூத்து என்று நினைத்து, படித்துறையில் நின்றவர்களும் கையாட்டினார்கள். அவன் மனைவி மெரின் உட்பட. இரண்டாவது சுற்றில் படகு அவனிடம் வந்து சேர்ந்தது.

மெரினை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பூக்கள் அனுப்பினேன், நல்ல பூக்கள்.

நான் அவனைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள், எழுதுங்கள். மனிதன் மாதிரி உட்கார்ந்திருக்கலாம், கயிற்றைக் காலில் மாட்டியிருக்கலாம். இரண்டு வழியையும் நான் அடைக்கவில்லை. அது உங்களுக்கு முக்கியமாகப் படாது, விடுங்கள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், அம்மா. எந்தப் பலகை நிற்க வேண்டும், எது போக வேண்டும், எந்தத் திருப்பத்தில் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் செய்த வேலை வேறில்லை.