நைலானும் பழைய வேட்டியும்

மகளை மடியில் வைத்துக்கொண்டு விஜயநகர் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். "ஜட்டிய மாத்தினதாலதான் அண்ணி, எங்க வீட்டுக்காரர் வேலை பொழைச்சுது" என்றாள் இளையவள். குழந்தையோடு இதைக் கேட்கலாமா என்று யோசித்தேன். ஆனாலும் கேட்டேன்.

"மெதுவாப் பேசுடி, பஸ்ஸுக்கே கேக்குது."

"கேக்கட்டும். தினமும் தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே எட்டு மைல் நடக்கற ரயில்வே வேலை. அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தாரே நைலான் ஜட்டி, அதுல வேர்வை உள்ளயே நின்னு தொடையெல்லாம் புண்ணு. இனிமே நடக்க முடியாது, வேலைய விட்டுடறேன்னுட்டாரு."

"ஹௌதா, அப்படியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"எப்படிச் சொல்றது, நீங்க குடுத்ததாச்சே! பழைய வேட்டியக் கிழிச்சு, தொடை வரைக்கும் டிராயர் தெச்சேன். பருத்தி பாருங்க, வேர்வைய உறிஞ்சிக்குது. புண்ணு ஆறிடுச்சு. நேத்து எட்டு மைலும் நடந்துட்டு வந்து கும்பிட்டாரு."

"உன்னையா?"

"தையல் மெஷினை!"

அண்ணிக்காரி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நல்ல வேளை சொன்னே, தாயி. அன்னிக்கு உன் அண்ணன் தனக்கும் அரை டஜன் வாங்கினாரு. ஒரு மாசமா காலை அகட்டி அகட்டி நடக்கறாரு, கேட்டா மூட்டுவலிங்கறாரு. அவர் பழைய வேட்டி ரெண்டு இருக்கு. நாளைக்கே கொண்டாரேன்."