ஒடியலுக்கு விழுந்த வெடி

"அம்மா அனுப்பின ஒடியலை ஆமி சுட்டுப்போட்டுது."

பேராதனையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் இருந்த யாழ்ப்பாணத்து மாணவி தன் அக்குறணைத் தோழியிடம் இப்படிச் சொன்னாள்.

"ஒடியலயா? ஏன்டி?"

"சந்தேகமான பொதியைக் கண்டால் அறிவிக்கச் சொல்லி விடுதி வாசலிலை ஒட்டியிருக்கெல்லே. என்ர கட்டிலுக்குக் கீழை இருந்த பெட்டியைப் பாத்திட்டுப் பக்கத்து அறைப் பிள்ளை போய்ச் சொல்லிப்போட்டாள்."

"தொறந்து பார்த்தா காஞ்ச பனங்கிழங்குண்டு தெரியுமே?"

"உதைத்தான் நானும் சொன்னனான். ஆர் கேட்டது? அறையளைப் பூட்டாமல் எல்லாரும் கிறவுண்டு ஓரத்துக்குப் போகச் சொல்லி வார்டன் கத்தினா. ஆமிக்காரர் வந்து பெட்டியை நடுக் கிறவுண்டிலை வைச்சுச் சுட்டாங்கள். ஒடியல் மழைமாதிரிக் கொட்டிச்சுது."

"பொறகு?"

"திரும்பி வந்தால் ஒரு அறையிலை ரேடியோ இல்லை, இன்னொண்டிலை மணிக்கூடு இல்லை. போய்ச் சொன்னவளின்ர சங்கிலியையும் காணேல்லை."

"கள்ளனப் புடிச்சாங்களா?"

"பொலிஸ் என்னை மட்டுந்தான் விசாரிச்சது. களவு போகேக்கை நான் ரெண்டு ஆமிக்காரருக்கு நடுவிலை நிண்டனான். முழு விடுதியும் பாத்துக்கொண்டு நிண்டது."

பஸ் நின்றது. சோதனையாம், பைகளை உள்ளேயே வைத்துவிட்டு எல்லோரும் இறங்க வேண்டுமாம், எங்கள் பாதுகாப்புக்குத்தானாம் என்று கண்டக்டர் சிங்களத்தில் சொன்னார்.

யாழ்ப்பாணத்து மாணவி எழுந்தாள்.

"எங்கட பாதுகாப்புக்காமடி. பையை இறுக்கிப் பிடி."