வானிலை நிலையத்து டப்பா

இல்லீங்க, டோக்கன் எனக்கில்ல. உள்ள இருக்குறது என் தம்பியும் அவன் பொண்ணும். ஒன்பது வயசு. மூணு மாசமா ஒரு வார்த்த பேசல. காது, தொண்டை எல்லாம் பாத்தாச்சு, ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாங்க. அதான் இந்த மனசு டாக்டர். உக்காருங்க, எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும்.

அம்மாவா? அவ போயி ரெண்டு வருஷமாச்சு. ஐயோ, சாகல்லாம் இல்ல. நாலு மணி நேரம் தள்ளி வேற ஊர்ல நல்லாத்தான் இருக்கா. எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகல. நானா, உங்க அக்காவான்னு தம்பிகிட்ட கேட்டா. இவன் குனிஞ்ச தல நிமிரல. பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. பொண்ண நாங்க விடல. கொஞ்ச நாள் போன் பண்ணிக்கிட்டிருந்தா. போன் எங்கிட்டதான் இருக்கும். தூங்குதும்பேன், டியூஷன் போயிருக்குதும்பேன். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

தம்பிக்கு வானிலை நிலையத்துல வேலை. நாளைக்கு மழை உண்டா இல்லையான்னு ஊருக்கெல்லாம் சொல்றவன். வீட்டுக்குள்ள காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மட்டும் தெரியாது. லீவு நாள்ல எங்களையும் அங்க கூட்டிட்டுப் போவான். ஒரு விளையாட்டுங்க அது, புதையல் தேடுற மாதிரி. யாராவது ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சுட்டு, இருக்குற எடத்தப் போன்ல போட்டுருவாங்க. நாம போனப் பாத்துக்கிட்டே நடந்து கண்டுபுடிக்கணும். உள்ள ஒரு நோட்டு இருக்கும். பட்டப்பேரு ஏதாவது எழுதிட்டு, எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வரணும். அவ்ளோதான்.

நிலையத்துக்குப் பின்னால ஒரு மேடு, அங்கேருந்துதான் வானிலை பாக்குற பலூன் பறக்க விடுவாங்க. அதுக்குக் கீழ கம்பி வேலி, கடைசிக் கல்தூணோட அடியில ஒரு டிபன் டப்பா. அவ இருந்தப்ப மூணு பேருமா சேந்து ஒளிச்சு வெச்சது. வேற டப்பா எத்தனை இருந்தாலும், இந்தப் பொண்ணுக்கு மாசாமாசம் அதைப் பாத்தே ஆகணும். எனக்கு உறுத்துச்சு. ஒருநாள் அப்பனும் மகளும் பலூன் பாக்க மேல ஏறினாங்க. எனக்கு முட்டி வலின்னு கீழயே நின்னுக்கிட்டு, தொறந்து பாத்தேன்.

நோட்டுல, குட்டித் தவளைக்குன்னு பொண்ணோட செல்லப் பேரப் போட்டு அவ அம்மாதான் எழுதியிருக்கா. பல்லு விழுந்துச்சா, கணக்குப் பரிட்சை எப்படி எழுதினன்னு. கீழ இது பதில் எழுதியிருக்கு. ரெண்டு பல்லு விழுந்துச்சு. கணக்குல நாப்பத்தாறு. அத்தைக்குத் தெரியாது. பத்துப் பக்கம்ங்க. தலை பின்னி விடுறது நான், காய்ச்சல்னா கண்ணு முழிக்கிறது நான். பல்லு விழுந்தத எங்கிட்ட சொல்லத் தோணல பாருங்க.

தம்பிகிட்டயா? எப்படிச் சொல்றது. அவன் உருகிடுவான். நேராப் போயி அவளக் கூட்டிட்டு வந்து நிறுத்திடுவான். அப்புறம் நான் எங்க போறது?

அடுத்த மாசமும் போனோம். நல்ல வெயில். இது முன்னால ஓடிப்போயி தொறந்துச்சு. அம்மாவுக்கு வேற பாப்பா வந்துடுச்சு, இனிமே வர முடியாது, நீயும் எழுதாதன்னு இருந்துச்சு. நின்னு படிச்சுச்சு. அழல. மூடிய ரெண்டு தரம் அழுத்தி மூடி, தூணுக்கடியில வெச்சுட்டு வந்து கார்ல ஏறிக்கிச்சு. என்னடா, இன்னிக்குப் பேரெழுதலையான்னு தம்பி கேட்டான். அன்னிக்கு நின்ன பேச்சுதான்.

பெத்தவ அப்படி எழுதுவாளாங்குறீங்க. எங்கேருந்து எழுதுவா. அவ எழுதினது வேற. பொறந்தநாளைக்கு நேர்ல வர்றேன், அப்பாவக் கூட்டிட்டுத் தூண்கிட்ட வந்து நில்லுன்னு எழுதியிருந்தா. நாங்க போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பஸ் புடிச்சுப் போயி அந்தப் பக்கத்தக் கிழிச்சது நான்தான். முப்பது வருஷம் பதிவு ஆபீஸ்ல நகல் எழுதினவ நான். யாரு கையெழுத்தா இருந்தாலும் ரெண்டு தரம் பாத்தா எனக்கு வந்துடும்.

பொறந்தநாளன்னிக்கு அவ வந்தா, வராம என்ன. நானும் முன்னாடியே போயி, நான் எழுதின பக்கத்தையும் கிழிச்சுட்டு, தள்ளி நின்னு பாத்தேன். கையில ஒரு கேக் பொட்டி. வெயில் எறங்குற வரைக்கும் நின்னா. அப்புறம் பொட்டிய அங்கயே வெச்சுட்டுப் போயிட்டா.

என்னங்க தள்ளி உக்காருறீங்க? நீங்க யாரோ நான் யாரோன்னுதான் சொன்னேன். இதோ, கதவத் தொறக்குறாங்க. என்னையும் கூப்பிடுவாங்க, வீட்டுல புதுசா ஏதாவது நடந்துச்சான்னு கேப்பாங்க. ஒண்ணும் நடக்கலன்னுதான் சொல்லணும். இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கங்க.