தப்பாப் போகவேண்டிய கணக்கு

இலுப்பூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அப்பாவும் மகளும்.

“என் ஆராய்ச்சி தப்பாப் போனா அய்யனாருக்கு மண்குதிரை வைக்கிறேன்னு வேண்டியிருக்கேம்ப்பா,” என்றாள் மகள்.

“தப்பாப் போகணுமா?”

“ஆமாப்பா. வெக்கை கூடக் கூட நான் ஆராயுற மலைச்செடி மேல மேல ஏறிக்கிட்டே இருக்கு. உச்சிக்குப் போனப்புறம் எடமில்லாம அழிஞ்சுரும்னு கணக்குப் போட்டு எழுதியிருக்கேன்.”

அப்பா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“ஒன் கணக்கு பலிக்கணும்னு, என்ன ஏதுன்னு தெரியாமலே, நானும் அதே அய்யனாருக்குத்தான் ஒரு குதிரை நேந்திருக்கேன், ஆத்தா.”

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“கோயில் ஸ்டாப்புல எறங்கிருவோம்,” என்றார். “என் வேண்டுதல மாத்திச் சொல்லிட்டு வாரேன். குதிரை ரெண்டாவே இருக்கட்டும்.”