பெயர் மாற்றப்பட்டுள்ளது

மனைவி: ...போன மாசம் உங்க பேப்பர்ல லாரி திருடினவன்னு போட்டீங்களே, அவன் பேரு என்ன சார்?

உதவி ஆசிரியர்: அது நிஜப் பேரும்மா. போலீஸ் குடுத்தது.

மனைவி: ரெண்டு பொண்டாட்டிக்காரன்?

உதவி ஆசிரியர்: அதுவும் நிஜம். ரெண்டு பொண்டாட்டியும் நிஜம்.

மனைவி: நீச்சல்ல கப்பு வாங்கினவன், போலி டாக்டர், ஏரியில விழுந்து செத்தவன்... எல்லாம் எங்க வீட்டுக்காரர் பேரு. செத்த சேதி வந்த அன்னைக்கு நாத்தனார் அழுதுக்கிட்டே வந்து எறங்குறா. இவரு உக்காந்து பட்டன் தைக்கிறாரு.

உதவி ஆசிரியர்: தெருவுக்குப் பத்துப் பேருக்கு அந்தப் பேரு. பத்திரிகை என்னம்மா பண்ணும்?

மனைவி: அதை விடுங்க. ஞாயித்துக்கிழமை போட்டீங்களே, அதுக்குத்தான் வந்தோம். ஒரு டெய்லரு, பொண்டாட்டி வாய்க்குப் பயந்து, நாலு வருஷமா காது கேக்காத மாதிரி நடிக்கிறாராம். இவரும் டெய்லரு. அதே பேரு. இவருக்கும் நாலு வருஷமா காது கேக்காது.

டெய்லர்: என்ன சொல்றாரு? கொஞ்சம் சத்தமா...

மனைவி: ஒண்ணுமில்லங்க, உக்காருங்க. பாவம் சார், பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாரு.

உதவி ஆசிரியர்: பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பாக்கலியா? ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது.’ அப்ப அது உங்க வீட்டுக்காரரா இருக்கவே முடியாது.

மனைவி: எங்க தெருவுல அடைப்புக்குறியெல்லாம் யாரு படிக்கிறா? கடைக்குப் போனா சிரிக்கிறாளுங்க. அவரு புளுகரு, நான் வாயாடி. மறுப்புப் போடுங்க.

உதவி ஆசிரியர்: இருங்க, நிருபர் எழுதின தாளை எடுக்கிறேன்... இதோ. அந்த ஆள் சொன்ன பேரு வேற. ‘பேரை மாத்தவும்’னு மேல குறிப்பு. மாத்தினது நான்.

மனைவி: ஊருல வேற பேரே கெடைக்கலியா?

உதவி ஆசிரியர்: எப்பவும் இதைத்தான் போடுவேன். இருபத்தாறு வருஷமா.

மனைவி: ஏனாம்?

உதவி ஆசிரியர்: ...என் பேரும் அதுதான். எழுதுறவனுக்குப் பேரு போடுவாங்க. படம் எடுக்குறவனுக்கும் போடுவாங்க. உக்காந்து திருத்துறவனுக்கு யாரும்மா போடுறா? இப்படியாவது அச்சுல வரட்டுமேன்னு...

மனைவி: நல்லா வந்தீங்க. குடிகாரனா, ஓடிப்போனவனா.

உதவி ஆசிரியர்: ஒரு தடவை சிறுநீரகம் குடுத்திருக்கேன்.

மனைவி: சரி, இப்ப மறுப்பு?

உதவி ஆசிரியர்: அதுல ஒண்ணு இடிக்குது... கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன், எல்லாரும் இங்கயே பாக்குறாங்க. நிருபர் பேன்ட்டைச் சுருக்கக் குடுத்த கடையாம். ‘இடது கட்டைவிரல் நகத்துல ஊசி ஏறின தழும்பு’ன்னு எழுதியிருக்கான். உங்க வீட்டுக்காரரோட கட்டைவிரலு...

டெய்லர்: அதையெல்லாம் எதுக்கு சார் குறிச்சு வச்சிருக்கான் அந்தப் பையன்?

உதவி ஆசிரியர்: நான் மெதுவாத்தானே சொன்னேன்...

டெய்லர்: பொய்ப் பேருதான் சார் குடுத்தேன். மாமனார் பேரை. யாருக்கும் தெரியாம போயிருக்கும். நீங்க அதை மாத்தி என் பேரையே போட்டுட்டீங்க.

உதவி ஆசிரியர்: ஐயோ... வழக்கமாப் போடுறதுதானேன்னு...

டெய்லர்: ஏம்மா... கொஞ்சம் கேளு... நான் வேணும்னு...

மனைவி: நீங்க சும்மா உக்காருங்க. சார், எழுதிக்குங்க. ‘மேற்படி டெய்லருக்கு நிஜமாகவே காது கேட்காது.’

உதவி ஆசிரியர்: அம்மா, இப்பதானே உங்க கண்ணு முன்னாடி...

மனைவி: எனக்கு மூணு வருஷமாத் தெரியும் சார். கேக்காத ஆளுக்கா தெனமும் இவரு பக்கத்துலயே உக்காந்து, அக்காகிட்ட போன் பேசற மாதிரி இவரைப் பத்தின அவ்வளவையும் சொல்றேன்? மறுப்பைப் போடுங்க. காது இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சுட்டா, அடுத்தது இவருக்கு வாயும் வந்துடும்.